இருப்பதைக் கொண்டு இல்லத்தை அழகு செய்வோம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதலிரண்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் மூன்றாவதைப் பற்றிப் பேசுவதில்லை. வீடு ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதற்குள் வாழும் முறை தானே அமைந்துவிடும் என்று இருந்துவிடுகிறோம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றைக் காணுங்கால், அது அவ்வளவு எளிதாக அமைந்துவிடவில்லை என்பது புலனாகும்.

தோட்டத்து லயன் வீடு சிறியதுதான். ஆயினும் அதற்கு முன்னே வாசல் இருந்தது. பின்னே கொல்லை இருந்தது. பழைய பொருள் எதுவாயினும் அக்கொல்லையில் ஒரு மூலையில் கிடந்து, என்றேனும் ஒருநாள் ஏதேனும் ஒரு வேலைக்குக் கைகொடுத்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தின் குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் அது தண்ணீர் வாளி. கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படி. அதற்கே துளையிட்டுக் கயிறு கோத்தால், கடையிலிருந்து காப்பி வாங்கி வரும் குவளை. கோதுமைமாவு வந்த துணிச்சாக்கைத் துவைத்து வெளுத்துப் பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைத்துக் கொடுத்தனர் நம் தாய்மார்கள். பழைய கைலி தொட்டிலாயிற்று. அது நைந்தபின் அடுப்படியில் கரித்துணியாயிற்று. விரிசல் கண்ட பால் மங்கில் மிளகாய் நாற்று வளர்ந்தது. இவற்றுக்கெல்லாம் கைவினைக் கலை என்று அன்று எவரும் பெயரிடவில்லை. இல்லாமை கற்றுக் கொடுத்த கைத்திறன் அது.

அந்தக் கைத்திறனை நாம் ஏன் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்? வெட்கமே காரணம் என்பது என் கருத்து. பட்டணத்து வீட்டில் பழைய பொருள் தென்பட்டால், வருகிறவர்கள் நம்மைத் தாழ்வாக நினைப்பார்கள் என்னும் அச்சம் பலரிடம் குடிகொண்டுள்ளது. ஆகவே வீட்டுச் சாவி கைக்கு வந்த மறுவாரமே தவணை முறையில் மெத்தை நாற்காலிகள் வருகின்றன. சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி அலமாரி வருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 80 வெள்ளி வீதம் 24 மாதம் கட்டினால் 1,920 வெள்ளி. கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளுக்கு வைக்கப்பட்ட மாத வாடகை 124 வெள்ளி. அந்தக் கணக்கின்படி, நாற்காலிக்கும் அலமாரிக்கும் நாம் கொடுத்தது பதினைந்து மாத வாடகைக்கும் மேல்! அத்திட்டத்து வீட்டின் பரப்போ ஏறத்தாழ 700 சதுர அடி. அதற்குள் மூன்று படுக்கையறை, சமையற்கட்டு, குளியலறை யாவும் அடங்க வேண்டும். எஞ்சிய சிறு கூடத்தில் பெரிய நாற்காலிகளைப் போட்டபின், பிள்ளை எங்கே அமர்ந்து படிப்பான்?

இதுவே நான் பெற்றோர்களிடம் கேட்க விரும்பும் கேள்வி. ஆண்டில் இரண்டொரு நாள் வரும் விருந்தினருக்காகக் கூடம் அலங்கரிக்கப்படுகிறது. நாள்தோறும் வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைக்கோ தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே வெறுந்தரை. வயிற்றைத் தரையில் பதித்துக் குப்புறப் படுத்து எழுதும் பிள்ளையின் கையெழுத்து எவ்வாறு இருக்கும் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். வீட்டை அழகு செய்வதென்றால் அப்பிள்ளையின் மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை.

கழற்றி வைத்த பழைய கதவுப் பலகை ஒன்று கிடைத்தால் அதுவே மேசைக்குப் போதும். கதவின் அகலம் ஏறத்தாழ மூன்றடி. அதில் நான்கடி நீளத்தை அறுத்து, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பழைய கட்டிலின் கால்களைப் பொருத்தி, இரண்டடிக்குச் சற்று உயரமாக நிறுத்தினால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஏற்ற எழுதுமேசை அமைந்துவிடும். எஞ்சிய பலகை புத்தகத் தட்டாகும். மைலோ டின்னில் எழுதுகோல்கள் நிற்கட்டும். திறப்பானால் வெட்டிய பால் டின்னாயின் அதன் விளிம்பு கையை அறுக்கும். தடித்த துணிப்பட்டையை மடித்து ஒட்டிய பின்னரே பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்து, திரைச்சீலை. ஒரு புடவையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். சாளரத்துக்கு ஒன்றரை மீட்டர் தொங்கல் என்று கொண்டால், மடித்துத் தைப்பதற்கும் விட்டு, மூன்று துண்டுகள் தாராளமாகக் கிடைக்கும். கரையைக் கீழ்ப்புறம் வைத்துத் தைத்துப் பாருங்கள். கடையில் தொங்கும் எந்தத் திரைக்கும் அது இளைத்ததன்று. பருத்தியும் வாயிலும் இதற்கு உகந்தவை. பட்டைத் தொங்கவிட்டால் வெயிலில் நிறம் மங்கி நூல் இற்றுப்போகும். நைலான் போன்ற செயற்கை இழைப் புடவையை அடுப்பின் அருகே ஒருபோதும் தொங்கவிடலாகாது. அது தீப்பற்றினால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். பாட்டி உடுத்திய புடவை பேரப்பிள்ளையின் சாளரத்தில் காற்றிலாடுவதைக் காட்டிலும் அழகான அலங்காரம் வேறு எனக்குத் தெரியவில்லை. ஆண்டு முழுவதும் நிலைப்படியில் தூசு படிந்து கிடக்கும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை நாம் அழகென்று ஏற்றுக்கொண்டது எப்படியோ!

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பழைய பொருளைப் பயன்படுத்துவது வேறு. பழைய பொருளைக் குவித்து வைப்பது வேறு. கொல்லை இருந்த காலத்துப் பழக்கத்தை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்தால், பால்கனியும் நடைபாதையும் குப்பைமேடாகும். நடைபாதை நம் வீட்டைச் சேர்ந்ததன்று. தீ விபத்து நேர்ந்தால் அனைவரும் ஓடித் தப்பும் வழி அது. இன்ன வேலைக்கு என்று உடனே சொல்ல முடியாத பொருளை வீட்டில் வைத்திராமல் இருப்பதே நலம்.

புட்டியிலும் டின்னிலும் செடி வளர்க்கும் பிள்ளைகள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் பெரும்பாலும் வளர்கிறது. முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே மணிபிளாண்ட் வைத்த புட்டியின் நீரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. புட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். எனவே தேய்த்துக் கழுவ வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டில் மணலை நிரப்பிவிடலாம். கொசு வளர இடங்கொடுப்போருக்கு நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தண்டம் விதிக்கப்படுகிறது என்பதையும் நினைவிற்கொள்க.

தோட்டங்களில் இன்னும் பணிபுரியும் தோழர்களுக்கு ஒரு சொல். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வந்த கலன்களை எக்காரணம் கொண்டும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் தண்ணீர் பிடித்து வைக்கலாகாது. செடி வைக்கவும் வேண்டா. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை வந்துவிட்டது. பழைய கலன் எங்கேனும் கிடந்தால் அதுவும் நஞ்சே. பட்டணத்தில் சரக்கு ஏற்றிவரும் தட்டுப் பலகைகளைக் கொண்டு நாற்காலி செய்வோர் பெருகியுள்ளனர். அப்பலகையில் எச்.டி. என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால் அது சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டியது. பின்னதைப் பிள்ளையின் மேசைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

எதற்கும் உதவாத பொருளை என் செய்வது? 2018 ஜனவரியில் கோலாலம்பூர் ஸ்ரீ பந்தாய் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியில், தாயுடன் நடந்து வந்த 15 வயது மாணவன் ஒருவன் மீது மேலிருந்து ஒரு நாற்காலி வந்து விழுந்தது. அச்சிறுவன் அங்கேயே உயிர்நீத்தான். ஒரு வீட்டில் வேண்டாததாகிவிட்ட நாற்காலி, மற்றொரு வீட்டின் பிள்ளையைக் கொண்டுபோயிற்று. மாடியில் கொல்லை இல்லை என்பதன் முழுப்பொருளை அன்று நாடே உணர்ந்தது. கூடைக்குள் அடங்காத பொருளைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கி பழுதான நாளில் பத்து மாடி இறங்குவது கடினம்தான். அண்டை வீட்டாரை அழைத்து இருவராகச் சேர்ந்து இறக்கலாம்; குடியிருப்பாளர் சங்கத்திடம் சொல்லி ஒருநாள் குறித்து எல்லா வீட்டுப் பொருள்களையும் ஒருசேர அகற்றலாம். தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் முதலியவற்றைக் குப்பையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது 2015 செப்டம்பர் முதல் தலைநகரிலும் சில மாநிலங்களிலும் சட்டமாகவே உள்ளது.

இவையெல்லாம் ஏழைகள் செய்பவை, வசதி வந்தபின் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வசதியுள்ளோர் வாழும் பகுதிகளில் பழைய மரப்பலகையில் செய்த மேசைக்கும், தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்களுக்கும் இன்று பெருவிலை கொடுக்கின்றனர். நாம் வெட்கப்பட்டு எறிந்ததை அவர்கள் பணங்கொடுத்து வாங்கிக் கூடத்தில் வைத்துக்கொள்கின்றனர்!

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குகிறது. மாணவச் செல்வங்களே, முதல்நாள் பொருள் தேட வேண்டா. அளவுநாடாவை எடுத்து வீட்டை அளந்து ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். பின்னர் அப்பாவையும் அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு, எந்தச் சுவரோரம் மேசை நிற்கும் என்று முடிவு செய்யுங்கள். தொலைக்காட்சி இருக்கும் கூடத்தை விட்டுவிட்டுப் படுக்கையறைச் சாளரத்தின் அருகே இடம் பாருங்கள். வலக்கையால் எழுதுவோருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வர வேண்டும். இடக்கையால் எழுதுவோருக்கு வலப்புறமிருந்து.