இரண்டு துடுப்புகள்

ஆடி பிறந்துவிட்டது. பதினேழு, பதினெட்டு தேதிகளில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வண்டிகளால் நிறையும். வருகிறவர்கள் ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, வாசலூர்ப்பட்டி படகு இல்லத்தில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவார்கள். இந்த வாரம் அந்தப் படகுகளைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் துடுப்பு என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. படகை உந்துவதும் துடுப்பு, பானையில் களி கிண்டுவதும் துடுப்பு. அகராதிகள் இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றன. சேலம், நாமக்கல் பக்கத்து அடுப்படிகளில் இன்றும் இது புழங்குகிற சொல். நீருக்குள் இறங்கும் தட்டையான மரமும், வேகும் மாவுக்குள் இறங்கும் தட்டையான மரமும் செய்வது ஒரே வேலை. எதிர்த்து நிற்கும் கனத்தை உடம்பின் எடையைக் கொடுத்துப் புரட்ட வேண்டும். இந்தப் பெயரை வைத்தவர்கள் கருவியின் உருவத்தோடு அதைப் பிடித்த கையின் உழைப்பையும் பார்த்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில்தான் இந்தப் பத்தி பிறந்தது.

படகும் அடுப்பும் சேருகிற இடம் ஒன்று உண்டு: படகின் சமையலறை. இலங்கைத் தமிழர்கள் சமையலறையைக் குசினி என்கிறார்கள். அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல், கப்பல் ஏறி வந்த சொல். குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கரை காண்பதில்லை. அத்தனை பேருக்கும் சோறும் குழம்பும் ஆக்க இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடும் இடம்தான் இருக்கும். உலகம் முழுவதும் சிறு பாய்மரப் படகுகளில் சமைப்பவர்கள் மூன்று நெருக்கடிகளுக்கு நடுவில் சமைக்கிறார்கள். ஏற்றிவந்த எரிபொருள்தான் உண்டு, ஏற்றிவந்த நன்னீர்தான் உண்டு, தரை ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ற கருவிகளையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் மட்டமாகவே இருக்கும்படி அச்சில் தொங்கும் அடுப்பு ஒன்று. பாத்திரத்தின் இடுப்பை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கவ்வி ஒன்று. களி கிண்டும்போது பானை சுழலாமல் கவைக்கோலால் அதன் கழுத்தை அழுத்திப் பிடிக்கிறோமே, அதே வேலைதான். பிரஷர் குக்கருக்குப் படகில் தனி மரியாதை. எரிபொருள் மிச்சமாவது ஒரு காரணம். மூடி பூட்டிக்கொள்வதால் அலை அடித்துப் பாத்திரம் உருண்டாலும் கொதிக்கும் குழம்பு ஆள்மேல் கொட்டாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ரொட்டி, கேக் சுடுவதற்கு ஓம்னியா என்று ஒரு சுவீடன் நாட்டுப் பாத்திரம் இருக்கிறது. வளைய வடிவில், நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஒற்றைச் சுடரின் மேல் வைத்தால் சூடு அந்த ஓட்டை வழியாக ஏறி மூடியில் பட்டு மேலிருந்தும் வேகவைக்கும். நம் பணியாரக் கல்லை மூடிவைத்துச் சுடுவதற்கு இது நெருங்கிய உறவு. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, குக்கரிலேயே கேக் சுடும் நம் வீடுகளுக்கு இந்த வித்தையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படகுச் சமையலைப் பற்றிப் பேசும்போது ஜோஷுவா ஸ்லோக்கமை அழைத்துவராமல் முடியாது. 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து, 'ஸ்ப்ரே' என்ற முப்பத்தேழு அடிக்குச் சற்றே குறைந்த படகில் தன்னந்தனியே புறப்பட்டு, 1898 ஜூனில் உலகைச் சுற்றித் திரும்பியவர். தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். 1900இல் அவர் வெளியிட்ட பயணநூலைக் கடல் வீரத்துக்காகப் படிப்பவர்கள் பலர். கருவிகளைப் பற்றிய நூலாகப் படித்தால் அது இன்னும் பெரிய புத்தகம். தன்னிடம் இருந்த நல்ல கடிகாரத்தைச் சரிசெய்யப் பதினைந்து டாலர் கேட்டார்கள் என்று அதை விட்டுவிட்டு, முகப்பு உடைந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கடல் கடந்தார். மான்டிவிடியோவில் அவர் படகுக்கு ஓர் அடுப்பு கிடைத்தது. பெரிய இரும்பு டிரம் ஒன்றில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் போட்டுச் செய்தது. பச்சை விறகையும் தின்னும் அந்த அடுப்புதான் தென்னமெரிக்கக் கோடியின் குளிரிலும் மழையிலும் அவரைக் காத்தது. மெகல்லன் நீரிணையில் உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கிக் கிடந்த மாட்டுக்கொழுப்புப் பீப்பாய்களைப் படகில் ஏற்றிக்கொண்டார். பிறகு ஹுவான் பெர்னாண்டஸ் தீவில் நங்கூரமிட்டபோது, படகைப் பார்க்க வந்தவர்களுக்குக் காபியும் அந்தக் கொழுப்பில் பொரித்த டோநட்டும் கொடுத்தார். தீவுக்காரர்களுக்குச் சுவை பிடித்துப்போனது. செய்முறையைச் சொல்லிக்கொடுத்தார், கூடவே கொழுப்பையும் விற்றார். விலையாகப் பழங்கால நாணயங்கள் கிடைத்தன. ஸ்லோக்கம் இங்கே செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். செய்முறையை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் அந்தத் தீவில் ஒரு டோநட்டும் பொரிந்திருக்காது. அதைச் செய்வதற்கான பொருளையும் கையில் கொடுத்தார்.

என் பழைய குறையை இங்கே சொல்லியாக வேண்டும். 'கச்சிதம்' என்று சொல்லிச் சமையல் கருவிகளை விற்கிறார்கள். அளப்பதோ பெட்டியின் நீள அகலத்தை. மேசை மூலையில் அடங்கிவிடும் மின்சார அவன் ஆயிரத்துக்கும் மேல் வாட் கேட்கிறது. இடத்தில் சிறியது, தேவையில் பெரியது. படகுக்காரர்கள் அளப்பது வேறு விதம். ஒரு கருவி எவ்வளவு குறைந்த பொருளை வீணாக்காமல் கையாளும், எவ்வளவு குறைந்த எரிபொருளில் ஓடும், கெட்டுப்போனால் இருக்கிற இடத்திலேயே சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். இந்த மூன்றிலும் தேறினால்தான் அது சிறிய கருவி. இந்த அளவுகோலோடு கொல்லிமலைக்குத் திரும்பினால், படகு இல்லத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலை, சமையல் கணக்கில் ஒரு படகுதான். கீழிருந்து வரவேண்டியது எல்லாம் 70 வளைவு ஏறி வர வேண்டும். ஆயிரத்து இருநூறு மீட்டரில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகக் கூடுதல் நேரமும் கூடுதல் விறகும் பிடிக்கும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் நெடுங்காலம் தாங்கள் விளைத்ததையே உண்டார்கள். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு. சாமையில் மட்டும் சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று பல வகை. சாமைச் சோறு பதினைந்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும். குறைந்த விறகு, ஒற்றைப் பானை. எரிபொருள் தட்டுப்பாடான அடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தானியம் அரிது. உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. உமியை நீக்கிவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய்ச் சத்து சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், பூச்சியும் வரும். அதனால் சாமையை வேண்டும்போது வேண்டிய அளவுக்குத்தான் அரிசியாக்க வேண்டும். தானியத்தின் இயல்பே சிறு அளவு, அடிக்கடி என்று கேட்கிறது. அந்தச் சிறு அளவுக்கு இருந்த ஒரே கருவி உரலும் உலக்கையும். மணி மிகச் சிறியது, உமி கடினமானது. குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் காலை முழுதும் போய்விடும்.

இதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: மரவள்ளி வந்தது, ரேஷன் அரிசி வந்தது, சிறுதானியம் போனது. எனக்கு இதில் ஒரு திருத்தம் இருக்கிறது. மரவள்ளி ஏன் வென்றது? காசு என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் காசுக்குப் பின்னால் இயந்திரம் இருந்தது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் போதும். சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். விற்பனைக்குச் சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவும் உண்டு. ரேஷன் அரிசி ஏன் வென்றது? 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம் என்பது பாதிக் காரணம். உலைநீரில் போட வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் அது வீட்டுக்கு வந்தது மறுபாதி. எங்கோ ஓர் அரிசி ஆலை குத்திவைத்த அரிசி அது. மரவள்ளிக்கு ஆலை இருந்தது, நெல்லுக்கு ஆலை இருந்தது, சாமைக்கு ஒரு பெண்ணின் தோள்தான் இருந்தது.

இது வெறும் ஊகம் என்று நினைப்பவர்கள் கேழ்வரகைப் பார்க்க வேண்டும். அதே மண், அதே மழை, அதே மரவள்ளியின் நெருக்கடி, அதே ரேஷன் அரிசி. ஆனால் கேழ்வரகு தமிழ்நாட்டு அடுப்படியிலிருந்து ஒருநாளும் முழுதாக மறையவில்லை. மளிகைக் கடைகளில் அதன் மாவு எப்போதும் இருந்தது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தையும் அரசால் தொடங்க முடிந்தது. காரணம் எளிது. கேழ்வரகு கதிரடிக்கும்போதே உமி கழன்றுவிடும் தானியம். எந்த ஊரிலும் இருக்கும் மாவு மில்லே அதற்குப் போதும். சாமைக்கும் தினைக்கும் பனிவரகுக்கும் உமி ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை நீக்கும் இயந்திரம் ஊரில் இருக்கவில்லை. பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் ஒன்று தங்கியது, மற்றவை தேய்ந்தன என்பது என் துணிபு.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. விதைகளைச் சேர்த்தது, வகைகளை ஆவணப்படுத்தியது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, கிராமங்களிலேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்களை வைத்து, பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. இவ்வகை இயந்திரங்களில் ஒன்று, வேகமாகச் சுழலும் தகடு தானியத்தை வீசிச் சுவரில் மோதவைக்கும் முறையில் ஓடுகிறது. மோதியதும் உமி பிளக்கும், விசிறி அதை ஊதித் தள்ளும். கொண்டுவந்த தானியம் யாருடையதோ அவருக்கே அரிசியாகத் திரும்பும். ஸ்லோக்கம் தீவில் செய்தது போன்ற வேலை இது. ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த 2023இல் செய்முறைப் போட்டிகளும் சத்துப் பட்டியல்களும் குவிந்தன. சாமை பிரியாணி, தினை லட்டு, கேழ்வரகு பிஸ்கட். நல்லதுதான். உமி நீக்க வழியில்லாத ஊரில் அந்தச் செய்முறைகள் எல்லாம் கொழுப்பு இல்லாத டோநட் குறிப்புகள்.

மறுப்புகள் வரும். பெரிய ஆலைதான் சிக்கனம், சிறிய இயந்திரத்தில் கிலோவுக்கு மின்செலவு கூடும் என்பார்கள். ஆலைக்குள் மட்டும் கணக்கிட்டால் அது சரி. மூட்டையை மலையிறக்கி மறுபடி ஏற்றும் செலவையும், ஆலை கேட்கும் அளவுக்குத் தானியம் சேரும்வரை காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தால் அந்தச் சிக்கனம் கரைந்துபோகும். மேலும், பெரிய ஆலையில் சடஞ்சாமையும் பெருஞ்சாமையும் கலந்துவிடும். மணியின் பருமன் வேறுபடும்போது சிறியது உமியோடு தப்பும், பெரியது நொய்யாகும். அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது: இயந்திரம் வந்தும் சாமை பழைய இடத்துக்குத் திரும்பவில்லையே என்பது. ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தலைமுறை அரிசிச் சோறு தின்ற நாக்கை ஓர் இயந்திரம் திருப்பிவிடாது, மரவள்ளி தரும் ரொக்கத்தையும் அது ஈடுசெய்யாது. ஆனால் இயந்திரம் இல்லாத இடத்தில் தேர்வு என்பதே கிடையாது. சாமை பிடிக்கவில்லை என்று விடுவது ஒன்று, குத்த முடியவில்லை என்று விடுவது வேறு. இரண்டாவதற்கு முதலாவதன் பெயரைச் சூட்டி, மலை மக்கள் பாரம்பரியத்தை மறந்துவிட்டார்கள் என்று பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உரலில் குத்தினால்தான் சத்து, இயந்திரம் எதற்கு என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தவிடு போகும் அளவுக்குத் தீட்டினால்தான் சத்துப் போகும். உமியை மட்டும் நீக்கும்படி இயந்திரத்தை அமைக்க முடியும். உலக்கை பிடித்தே ஆக வேண்டும் என்று, அதைப் பிடிக்காதவர்கள் சொல்லக் கூடாது.

மிச்சமிருப்பது பழுது பார்க்கும் கேள்வி. படகுக்காரர்களின் மூன்றாவது அளவுகோல். சல்லடை தேய்ந்தால், பெல்ட் அறுந்தால், மோட்டார் சூடேறி நின்றால், மெக்கானிக் கீழிருந்து வரும்வரை இயந்திரம் நிற்கும், உரல் திரும்பும். மாற்றுச் சல்லடைகளும் பெல்ட்டும் இயந்திரத்தோடு சேர்த்தே கொடுக்கப்பட வேண்டும். சாமைக்கு ஒன்று, தினைக்கு ஒன்று, பனிவரகுக்கு ஒன்று. மலையிலேயே இரண்டு மூன்று பேருக்குப் பழுது பார்க்கும் பயிற்சி வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது என்பது என் கணிப்பு. ஓரி விழாவில் அரசுத் துறைகள் அரங்கு அமைப்பது வழக்கம். அங்கே சிறுதானியப் பொட்டலங்களை அடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் இந்த இயந்திரம் ஒன்றை ஓடவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையிலுள்ள தேவனூர் நாட்டிலிருந்தோ வளப்பூர் நாட்டிலிருந்தோ ஒருவர் இரண்டு கிலோ சாமையை உமியோடு கொண்டுவந்து கொடுத்தால், வாசலூர்ப்பட்டி ஏரியில் படகு ஒரு சுற்றுச் சுற்றிக் கரை சேர்வதற்குள் அரிசியாக அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.