பாறை மேல் வறட்சி: எரிமலை மண்ணில் செடிகளுக்கு என்ன ஆகிறது?

திருவண்ணாமலை 'ஒரு காலத்துல எரிமலைங்க' என்று அடித்துச் சொல்பவர்கள் ஆரணி, முள்ளிப்பட்டு டீக்கடைகளில் இன்றும் உண்டு. மலை அக்னி வடிவம் என்பது ஐதீகம். எரிமலைக் குழம்பு வேறு விஷயம். நம் மாவட்டம் உட்கார்ந்திருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற பழம்பாறைகளின் மேல். எரிமலை கொட்டிய நிலத்தைப் பார்க்க மகாராஷ்டிரம் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு, அங்கே பசால்ட் பாறையாக உறைந்து கிடக்கிறது. இன்றும் அதன் பரப்பு சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

அந்தப் பாறை சிதைந்து உருவானதுதான் அங்குள்ள கரிசல். 'கரிசல் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், வறட்சி தாங்கும்' என்பது பாதி உண்மைதான். அதன் களிமண் நீரை உறிஞ்சி உப்பும். ஆனால் அதில் ஒரு பங்கை, வேரால் இழுக்க முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மழை பொய்த்தால் மண் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு வேரை அறுக்கும். ஆழத்து ஈரமும் அந்த வழியே ஆவியாகிவிடும். பள்ளத்தில் ஆளுயரத்துக்கு மண் இருக்கும், மேட்டில் ஒரு சாண்கூட இருக்காது. அதனால் மேட்டுக்காட்டுப் பருத்திதான் முதலில் காயும். அடியில் இருக்கும் பசால்ட்டோ விரிசல்களிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே நீர் சேர்க்கும் கெட்டிப் பாறை. கிணறும் கைவிடும். 2016-ல் லாத்தூருக்கு மிரஜிலிருந்து ரயிலில் குடிநீர் போனது. (அந்த வறண்ட பகுதியில் கரும்பு போட்டது மழையின் குற்றமல்ல.)

சதாரா அருகே காஸ் பீடபூமியில் கதை வேறு. பசால்ட்டின் மேல் செம்பாறை மூடி, அதற்கு மேல் கொஞ்சூண்டு மண். மழை முடியும் நேரத்தில் பூக்களின் கம்பளம். சில மாதத்தில் எல்லாம் சருகு. பெரும்பாலான செடிகள் கோடையை விதையாகவோ கிழங்காகவோ கடக்கின்றன. சில இன்னும் கெட்டி: மொறமொறவென்று காய்ந்து, நீர் பட்டதும் மறுபடி பச்சையாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி 62 வகைகளைப் புனே அகார்கர் ஆய்வு நிறுவனத்தினர் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

கோடை வறட்சி இவற்றுக்குப் பழக்கம். மழைக்காலத்தின் நடுவே வாரக்கணக்கில் வெயில் காய்வதுதான் ஆபத்து. விதை கட்டும் முன்பே செடி கருகினால் அடுத்த ஆண்டுக்கு என்ன மிஞ்சும்?

இத்தகைய வெற்றுப் பாறைப் பரப்பை நம் அரசு ஆவணங்கள் 'தரிசு' என்றே கணக்கிடுகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் காற்றாலை, குவாரி, சொகுசு விடுதி எதற்கும் தடை சொல்ல ஆளில்லை. பசுமையாக்குகிறோம் என்று குழி தோண்டி, வெளிமண் கொட்டி மரம் நடுவதும் அங்கே அழிவுதான். அந்தப் பெயரை முதலில் மாற்றியாக வேண்டும்; நம்மூர்ப் பாறைக் குன்றுகளுக்கும் சேர்த்தே.