பொறி அறிவோம்

கலைக் கல்லூரி மாணவனுக்கு மொபெட்டின் பாயிண்ட்டும் பிளக்கும் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் கடற்கரையில் பிறந்தவன் கேட்கத் தகாத கேள்வி அது என்பேன்.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. இன்று பாம்பனிலிருந்து மண்டபம், உச்சிப்புளி வழியாக மீன்கூடை மொபெட்டில் வருகிறது. வண்டி வழியில் நின்றால் ஐஸ் உருகும், மீன் கெடும், அன்றைய முதலும் போகும். பல நேரங்களில் காரணம், ஒரு சிறு பொறி பிறவாமையே.

பழைய மொபெட்டில் காந்தம் பதித்த சக்கரம் சுழல, உள்ளிருக்கும் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. உரிய கணத்தில் பாயிண்ட் திறந்து அந்த ஓட்டத்தை அறுக்கிறது. அறுபட்ட வேகத்தில் அடுத்த சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. பாயிண்ட் முனையிலேயே பொறி சிதறி வீணாகாமல் தாங்குவது கண்டென்சர். 1831-ல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இத்தனையும்.

பாயிண்ட் இலேசாகக் கறுத்திருந்தால் தேய்த்துத் துடைக்கலாம். குழி விழுந்தால் மாற்ற வேண்டும். புதிய பாயிண்ட்டும் விரைவில் கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். பிளக் காப்பி நிறமாயிருந்தால் நலம். எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால், பெட்ரோலில் கலக்கும் ஆயிலின் அளவை முதலில் பாருங்கள். முனை மழுங்கினாலோ பீங்கான் விரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

பின்னர் வந்த மின்னணு முறையில் பாயிண்ட் இல்லை. ஆயினும் பிளக்கும் அதன் மூடியும் ஒயர் இணைப்புகளும் உண்டு. நம் உப்புக்காற்று இணைப்புகளை எளிதில் அரித்துவிடுகிறது. பச்சை பூத்த இணைப்பைச் சுரண்டினால் தீரும் கோளாறுக்கு, விலை மிகுந்த மின்னணுப் பெட்டியையே மாற்றச் சொல்வாரும் உண்டு.

அறியாதவன் இருமுறை இழக்கிறான்: மாற்ற வேண்டியதை மாற்றாமல் ஒருமுறை, மாற்ற வேண்டாததை மாற்றி மறுமுறை. கூடை மீனை நம்பி வாழும் குடும்பத்துக்கு இரண்டும் தாங்காது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்று. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். நன்று. அரை நாளையேனும் மீனவக் கிராமங்களில் மொபெட்டுகளைப் பார்த்துத் தருவதற்கு ஒதுக்கலாகாதா? இயற்பியல் துறை விளக்கட்டும். நகரத்து அனுபவ மெக்கானிக்குகள் கைப்பழக்கம் கற்றுத் தரட்டும். அவர்களும் ஒருநாள் நமக்கு ஆசான்களாக அமர்வது கல்லூரிக்குப் பெருமையே. பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக!