பாலிஷ் போட மாட்டேன்!

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வாரம் நான் போட்ட புல்புல்தாரா படத்துக்கு நிறைய யோசனைகள் வந்தன. "ஒரு கோட் பாலிஷ் அடிச்சா புதுசாயிடும் சார்" என்று நாலைந்து பேர். "உள்ளே எல்இடி பல்பு வச்சு ஹால்ல மாட்டிடுங்க சித்தப்பா" என்று அண்ணன் மகள். "இது பொம்மைதானே சார், இதுக்கா இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று ஒருவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம்.

பொம்மை என்ற பேச்சை முதலில் பார்த்துவிடுவோம்.

பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நீளமான மரப்பெட்டி. மேலே கம்பிகள். கம்பிகளுக்கு மேல் டைப்ரைட்டர் மாதிரி பித்தான்கள். இடது கையால் பித்தானை அழுத்தினால் அது கம்பியை மெட்டின் மேல் அமுக்கும். வலது கையில் சின்ன பிளாஸ்டிக் சில்லு, அதனால் மீட்ட வேண்டும். பக்கத்தில் சுருதிக் கம்பிகள் சும்மா கூடவே ஒலிக்கும். ஜப்பானில் நகோயா நகரத்தில் மொரிடா கோரோ என்பவர் 1912-இல் செய்த 'தைஷோகோதோ'தான் இதற்குத் தாய். அங்கிருந்து கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து புல்புல் என்று பெயர் வாங்கியது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் தாரப் பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பலூசிஸ்தானில் இதையே பெரிதாக்கி 'பென்ஜு' என்று கச்சேரி வாத்தியமாகவே ஆக்கிவிட்டார்கள். நாம் மட்டும்தான் பொம்மைக் கடையில் வைத்தோம்.

கமகம் வராது என்பார்கள். வராதுதான், நான் மறுக்கவில்லை. தோடி வாசிக்க யாரும் இதை எடுக்க வேண்டாம். ஆனால் இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை வெளியே நிறுத்தியது. 1971 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. மாண்டலினில் கர்நாடக இசையா என்று முகம் சுளித்தவர்களை உ. ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் வாயடைக்கச் செய்ததை என் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்தோம். வாத்தியத்துக்கு ஜாதி பார்க்கும் பழக்கம் நமக்குக் கொஞ்சம் அதிகம்.

"சுருதியே சேராதே சார்" என்றும் சிலர் சொன்னீர்கள். இந்த வாத்தியமும் சேராமல்தான் இருந்தது. ஏன் என்று ஸ்கேலை எடுத்து அளந்தேன். கம்பி தொடங்கும் மேட்டிலிருந்து 12-ஆவது மெட்டு வரை 24 செ.மீ. கம்பி நீளம் பாதியானால் மேல் சட்ஜம் என்று பாடம் நடத்தியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? அப்படியானால் குதிரை 48-இல் நிற்க வேண்டும். நின்றது 47.4-இல்! எப்போதோ யாரோ பழுது பார்க்கிறேன் என்று பெயர்த்து, கண் அளவில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த 6 மில்லிமீட்டரில் மேல் சட்ஜம் ஓர் அரைசுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். பிறகு எந்தக் காதுதான் பொறுக்கும்?

மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 48-ஐ 17.817-ஆல் வகுத்தால் 2.69 செ.மீ., அது முதல் மெட்டு. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. தேய்மானக் கணக்குதான், வேறொன்றுமில்லை. ஒரு மெட்டுகூடத் தவறவில்லை. பெட்டி செய்தவர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். பாவம், பழி வாத்தியத்தின் மேல்.

இப்போது பாலிஷ். இதை வாசித்தது எங்கள் பெரிய மாமா. தறி நெய்தவர். சங்கீதம் படித்தவர் இல்லை. சினிமாப் பாட்டைக் கேட்டு, தேடித் தேடி, பித்தானைக் கண்டுபிடித்து வாசிப்பார். அதற்காக ஒவ்வொரு பித்தான் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ச, ரி, க என்று எழுதி வைத்திருக்கிறார். 'ரி' மட்டும் தலைகீழ் 'கி' மாதிரி இருக்கும். மாமா கையெழுத்தாக இந்தக் குடும்பத்தில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான், பத்திரத்தில்கூடக் கைநாட்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் அடித்தால் மரம் பளபளக்கும், ச ரி க போய்விடும். வலது ஓரத்தில் அவர் மணிக்கட்டு உராய்ந்து வழவழப்பான இடமும் போய்விடும். புதுசு வேண்டுமென்றால் கடையில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாமே!

அதற்காகத் தூசியோடு அப்படியே வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை, விளக்கு வைத்து மாட்டுவதும் இல்லை. ஒலிக்காத வாத்தியம் ஒரு பலகைதான். நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: நான் செய்வதை நாளைக்கு இன்னொருவர் பிரிக்க முடிய வேண்டும். அதனால் விரிந்த மூட்டுக்குப் பழைய தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம்தான். சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். ஃபெவிகுவிக், எம்-சீல் பக்கம் போகவே இல்லை. துரு எடுக்க மண்ணெண்ணெய் தொட்ட துணி, அதுவும் இரும்பில் மட்டும், மரத்தில் படாமல். பித்தான் ஆடும் இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பித்தான்களைக் கழற்றியதும் முட்டை அட்டையில் வரிசையாக வைத்தேன், இல்லாவிட்டால் எது எங்கே என்று தெரியாது. (அந்த ஒரு வாரம் வீட்டில் முட்டைக் குழம்பு அடிக்கடி.) அடியில் இருக்கும் சுருள்கம்பிகள் பாதி இற்றுப்போயிருந்தன, பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன், அச்சாகப் பொருந்தியது. மாண்டலின் கம்பி மெல்லியதாகப் பார்த்துப் போட்டு, ஒரே நாளில் முறுக்காமல் நான்கு நாளாக ஏற்றினேன். பழைய மரத்தை அவசரப்படுத்தக் கூடாது.

குதிரையை 48-இல் வைத்து மேல் சட்ஜத்தை அழுத்தினேன். சேர்ந்தது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். 81 வயது.

ஒரு ரிசார்ட்டுக்காரர் வரவேற்பறையில் வைக்க நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறார். இதை விற்றால் என்ன என்று வீட்டில் இரண்டு பேர் கேட்கிறார்கள். பொருள் அத்தையுடையது, முடிவும் அத்தையுடையது. என் கருத்தை மட்டும் அத்தையிடம் சொல்லியாகிவிட்டது. மே மாதம் பேரப்பிள்ளைகள் வரும்போது அவர்கள் கையில்தான் முதலில் கொடுக்கப் போகிறேன். தட்டட்டும், உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு பித்தான்கள் குறைகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் உடைந்த புல்புல்தாரா கிடந்தால் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.