ஓர் அடி முன்னே

புடாபெஸ்ட்டில் நடந்த பன்னாட்டு இளைஞர் பயிற்சியில் என் கைக்கு வந்த சீட்டு: 'நீ திருநங்கை, வயது 19.' ஆளுக்கொரு சீட்டுடன் எல்லோரும் ஒரே கோட்டில் நின்றோம். பயிற்சியாளர் ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தார்: "இரவில் பயமின்றி நடப்பேன்." "கேட்டதும் வாடகைக்கு வீடு கிடைக்கும்." சீட்டில் உள்ளவருக்கு அது 'ஆம்' என்றால் ஓர் அடி முன்னே போகவேண்டும். கடைசிவரை நான் நகரவில்லை. மற்றவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ஐரோப்பிய கவுன்சில் 2002இல் வெளியிட்ட 'காம்பஸ்' கையேட்டில் உள்ள செயல்பாடு இது. அந்தச் சீட்டில் இருந்தவரைப் போன்றோருக்காகத் தமிழகம் 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்தது; 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. ஆனாலும் ஒரு வாடகை வீடு இன்னும் பலருக்குப் போராட்டமே. சட்டம் உரிமை தரும்; சக மனிதரின் இடத்தில் நின்று பார்த்தால்தான் மனம் மாறும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இந்தச் செயல்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மைதானமும் சில சீட்டுகளும் போதும்.