பழைய பவர் டில்லர் வாங்குவோர் கவனத்திற்கு

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் வட்டாரத்திலும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்துக் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடும் விவசாயிகள் பலர். உழவு மாடுகள் குறைந்துவிட்டன. பருவ நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் தேவைப்படுவதால், சிறு விவசாயி தன் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புதிய பவர் டில்லருக்கு அரசு மானியம் உண்டு என்றாலும், மீதிப் பணத்தைப் புரட்ட முடியாதவர்கள் பழையதையே தேடிப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாங்கிய மறுநாளே வயலில் இறக்கிவிடுகிறார்களே, அதுதான் தவறு.

இயந்திரம் வயதானதால் மட்டும் கெடுவதில்லை. தூசி, தண்ணீர், பழைய ஆயில் ஆகிய மூன்றும்தான் அதைப் பெரும்பாலும் கெடுக்கின்றன. இம்மூன்றையும் தடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எனவே பேசிய விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருபவர் பாதி இயந்திரத்தைத்தான் வாங்கி வருகிறார்.

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். ஆயில் குச்சியை உருவினால் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருக்கிறதா? அப்படியானால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓடவிட்ட பிறகு தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கக்கூடும். பளு இல்லாமலே கரும்புகை கக்கினால் காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை ஆயில் மாற்றுவது. எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். முந்தைய உடைமையாளர் எப்போது மாற்றினார் என்று சொல்வதை நம்பி விட்டுவிடக் கூடாது. கையேடு இல்லாதவர்கள் சுமார் 100 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கியர் பெட்டி, ரோட்டரி செயின் பெட்டி ஆகியவற்றின் ஆயிலையும் பாருங்கள்.

இரண்டாவது, காற்று வடிகட்டி. நம் செம்மண் காட்டில் கோடை உழவின்போது கிளம்பும் புழுதி எஞ்சினுக்குள் போனால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல லைனரைத் தின்றுவிடும். அடிக்கிண்ணத்தில் ஆயில் ஊற்றும் வகையாக இருந்தால், புழுதி வேலை நாட்களில் தினமும் திறந்து பார்த்து, சேறு படிந்திருந்தால் டீசலில் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாததால் எஞ்சினையே பிரிக்க நேர்ந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, டீசலும் தண்ணீரும். டீசலை வடிகட்டி ஊற்றுங்கள். மாலையிலேயே டாங்கை நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே ஈரம் கோக்காது. குளிர்விக்கும் தண்ணீரைக் காலையில் பாருங்கள். எஞ்சின் கொதிக்கும்போது மூடியைத் திறக்கவோ பச்சைத் தண்ணீர் ஊற்றவோ கூடாது.

நான்காவது, பெல்ட், டயர், கத்தி. தேய்ந்த பெல்ட்டை ஒன்று மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள். இரு டயர்களிலும் காற்று சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். ரோட்டரிக் கத்திகளின் போல்ட்டுகளைத் தினமும் முடுக்குங்கள். கத்தியில் சிக்கிய புல்லை எடுக்குமுன் எஞ்சினை நிறுத்துவது கட்டாயம்.

மலைச் சரிவில் ஓட்டுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. சமதரையில் இடது ஸ்டியரிங் கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் அப்படிப் பிடித்தால், இடது சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வண்டி வலது பக்கம் திரும்பிவிடும். பழக்கமில்லாதவர் பள்ளத்தில் விழுவது இதனால்தான். இறக்கத்தில் சிறிய கியரில் மெதுவாக வாருங்கள். ஸ்டியரிங் கிளட்ச்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள். நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2014-15 முதல் நடந்துவரும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் மானியம் புதிய இயந்திரத்துக்குத்தான். பழையதை வைத்துப் பிழைப்பவரும் விவசாயிதானே! ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால், வேளாண்மைப் பொறியியல் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து வடக்கனந்தல் போன்ற ஊர்களில் ஒரு நாள் பராமரிப்பு முகாம் நடத்தலாம். விவசாயி தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து, தன் கையாலேயே ஆயில் மாற்றி, வடிகட்டி கழுவிக் கற்றுக்கொண்டு போகட்டும். அதற்கு ஆகும் செலவு சிறிது. மிச்சமாகும் எஞ்சின்கள் பல.

முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வண்டியைக் கிளப்புமுன் ஆயில் குச்சியையும் காற்று வடிகட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.