பொடக்காளியில் ஜல்லியா, செயற்கைப் புல்லா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்து, பிள்ளைகள் விளையாட அதைச் சீர் பண்ணலாம் என்று நினைக்கிற தோழிகளுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஜல்லி கொட்டி அவஸ்தைப்பட்டு, பிறகு செயற்கைப் புல் விரித்தவள் நான்.

எங்கள் வீடு துடியலூர் பக்கம். பொடக்காளியில் முன்பு மாட்டுக் கட்டுத்தரை இருந்தது. மாமியாருக்கு முடியாமல் போனதும் மாட்டை விற்றுவிட்டோம். 30 அடிக்கு 20 அடி இடம் சும்மா கிடந்தது.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கால்பந்து என்றால் உயிர். வீதியில் தம்பியோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "இத்தாப் பெரிய புள்ள வீதியில ஓடுது, நீங்க ஒண்ணும் சொல்றதில்லீங்களா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். கோவையில் இப்போது எங்கே பார்த்தாலும் வலை கட்டி, விளக்குப் போட்டு, 'டர்ஃப்' என்று மணிக்கு இவ்வளவு என வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே ஆடுவது பையன்கள்தான். என் மகளை யார் கூட்டிப் போவது? அவள் பந்தைத் தூக்கி அட்டாலியில் போட்டுவிட்டாள். அந்த ஒரு மாதம் வீடு வீடாகவே இல்லை.

சரி, பொடக்காளியிலேயே ஆடட்டும் என்று முடிவு செய்தோம். வீட்டுக்காரர், "கட்டட வேலைக்கு வாங்குன சிப்ஸ் ஜல்லி மிச்சம் இருக்குது. அதைப் பரப்பிடலாம். சேறாகாது, தண்ணியும் கீழே இறங்கிரும்" என்றார். செலவில்லாத யோசனை, நானும் தலையாட்டினேன்.

உருட்டிய பந்து ஒரு பக்கம் போனால் ஜல்லி அதை இன்னொரு பக்கம் திருப்பும். ஓடினால் கால் வழுக்கும். வேப்பிலை உதிர்ந்து கல்லுக்குள் புகுந்துகொண்டால் சீமாறு போட்டால் இலையோடு கல்லும் சேர்ந்து வரும். மழை பெய்ததும் இடுக்கெல்லாம் கோரை. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் மகள் குப்புற விழுந்து முட்டியில் கல் ஏறி மூன்று தையல் போட்டு வந்தாள். மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிஜப் புல் வளர்க்கலாமே என்பீர்கள். கோடையில் குடிக்கிற தண்ணீருக்கே குழாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். புல்லுக்கு எங்கே போவது? மண் தரைதான் உத்தமம் என்று மாமியார் சொன்னார். அதில் தப்பில்லை. ஆனால் தினமும் தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சதுர அடி 70 ரூபாய் வீதம் 600 சதுர அடிக்கு 42,000 ரூபாய், கூலி தனி. விஷயம் தெரிந்த உறவுக்காரர் ஒருவர், "அந்தக் காசுக்குப் புள்ளைக்கு ஒரு தோடு எடுத்திருக்கலாம்" என்றார். கார் நிறுத்தும் இடத்துக்கு நாங்கள் கிரானைட் போட்டபோது இதே வாய்தான் "பிரமாதம்" என்றது. பெண் பிள்ளை ஓடுவதற்குச் செலவு செய்தால் மட்டும் எல்லோருக்கும் கணக்கு ஞாபகம் வந்துவிடுகிறது!

இந்தப் புல் ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் கூரை போட்ட பெரிய மைதானத்தில் நிஜப் புல் பட்டுப்போனதால் 1966-ல் இதை விரித்தார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கியையும் இதற்கு மாற்றினார்கள். மண்ணிலும் புல்லிலும் ஆடிப் பழகிய நம் பையன்கள் அதில் 7-ஆம் இடம்தான் வந்தார்கள். 1928-லிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் பதக்கம் வாங்கிய நாடு, வெறுங்கையோடு திரும்பியது. 2023-ல் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் புது விரிப்பில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவை 4-3 என்று ஜெயித்ததைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தரையில் பழகுகிறோம் என்பதும் முக்கியம்தானே!

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது பிளாஸ்டிக். உச்சி வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். சித்திரை மாசம் மாமியார் வெறுங்காலோடு மிதித்துவிட்டு "அய்யோ சாமி" என்று குதித்தார். எங்கள் வீட்டில் மாலை ஐந்தரைக்கு முன்னால் யாரும் இறங்கக்கூடாது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புப் பொறி விழுந்து ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. கார்த்திகை விளக்கையும் அங்கே வைக்காதீர்கள்.

வாங்கும்போது கறுப்பு ரப்பர் துகள் தூவுகிற ரகம் வேண்டாம், மணல் தூவுகிற ரகம் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்தத் துகள் மழையில் கரைந்து போகாது, மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய நாடுகள் 2023-ல் சட்டம் போட்டு, 2031-லிருந்து அதன் விற்பனையை நிறுத்தப் போகின்றன. அடியில் சிமெண்ட் தளம் போடலாம் என்று எங்களுக்கும் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. எங்கள் ஜல்லியையே கீழே பரப்பி இறுக்கி, மேலே மணல் போட்டு, லேசாக வாட்டம் கொடுத்து, ஓட்டை உள்ள விரிப்பை விரித்தோம். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. தென்னை மரத்தையும் கறிவேப்பிலைச் செடியையும் சுற்றி இரண்டடி மண்ணை அப்படியே விட்டுவிட்டோம்.

பந்து இப்போது அட்டாலியில் இல்லை. போன வாரம், முன்பு என்னைக் கேள்வி கேட்ட அதே அக்காவின் மகள் வாசலில் வந்து நின்றாள். "ஏனுங் அத்தை, நானும் ஆட வரட்டுங்களா?" என்றாள். அவளிடம் ஷூ இல்லை. மகளின் பழைய ஷூவைக் கொடுத்தேன். கொஞ்சம் பெரிசு. முனையில் துணியை அடைத்துக்கொண்டு ஆடுகிறாள்.

- ஒரு வாசகி, கோவை.